பாங்காக்கா, ஹனோயா? அம்மாவோடு ஐந்து நாள்

கேள்வி: மதுரைவாசி, 9 நவம்பர் 2024

ஜனவரி 23 கிளம்பி 28 திரும்புகிற மாதிரி லீவு கிடைத்திருக்கிறது. அம்மாவும் நானும் மட்டும். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். தாய்லாந்தின் பாங்காக்கா, வியட்நாமின் ஹனோயா என்று இரண்டு வாரமாக வீட்டில் பஞ்சாயத்து ஓடுகிறது. பாங்காக் ஷாப்பிங் பண்றவங்க ஊர், ஹனோய்தான் அமைதியான பழைய ஊர், வயசானவங்களுக்கு அதுதான் சரி என்பது என் கட்சி. சரிதானே?

பதில்: 9 நவம்பர், இரவு 10.40

ஹனோய் அமைதியான ஊர் என்று யார் சொன்னது? பழைய நகரப் பகுதியில் காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிற ஹாரன் ராத்திரி பதினொன்று வரை ஓயாது. நடைபாதை இருக்கிறது. அதில் ஸ்கூட்டர்கள் நிற்கும், ஸ்கூட்டர்களுக்கு நடுவே அடுப்பை வைத்துச் சமைப்பார்கள், மிச்ச இடத்தில் குட்டி ஸ்டூல் போட்டுச் சாப்பிடுவார்கள். நடக்கிறவர் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும்.

முழங்கால் வலி என்றால் யோசிக்கவே வேண்டாம், பாங்காக். சென்னையிலிருந்து நேர் விமானம் மூன்றரை மணி நேரம். இந்தியர்களுக்கு இப்போது (2024 நவம்பர் நிலவரம்) 60 நாள் வரை விசா தேவையில்லை. ஊருக்குள் ஏசி ரயில். ஹனோய்க்கு உங்கள் தேதிகளில் எங்காவது இறங்கி மாற வேண்டியிருக்கும், இ-விசாவுக்குத் தலைக்கு 25 டாலர். இரண்டு ஊருக்கும் என் அம்மாவைக் கூட்டிப் போனவன் நான் (பாங்காக் 2017 டிசம்பர், ஹனோய் 2019 ஜனவரி). வழக்கு முடிந்தது.

10 நவம்பர், காலை 7.15

முடியவில்லை.

காலையில் காபி குடிக்கும்போது அம்மாவிடம் சும்மா கேட்டு வைத்தேன், "ரெண்டு ஊர்ல எதும்மா பிடிச்சது?" யோசிக்கவே இல்லை. "அந்த ஏரிக்கரை ஊர்தான்" என்றார். ஹனோய்! பாங்காக்கைப் பற்றி என்ன ஞாபகம் என்றால், "அங்க ஏறி இறங்கிக்கிட்டே இருந்தோம்" என்கிறார். நான் ஐந்து வருஷமாக வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொல்வது ஹுவான் கியம் ஏரி. ஊர் நடுவில் இருக்கிறது. எங்கள் ஓட்டல் அதிலிருந்து இரண்டு தெரு. விடிவதற்கு முன்பே அம்மா எழுந்து குரங்குக் குல்லாய், சால்வை, காலில் சாக்ஸ் என்று தயாராகிவிடுவார். ஐந்தரைக்கு ஏரிக்கரையில் நம்மூர்த் தேர்க்கூட்டம் மாதிரி ஜனம். ஐம்பது அறுபது வயதுப் பெண்கள் பாட்டுப் போட்டு வரிசையாக உடற்பயிற்சி, ஒரு பக்கம் இறகுப்பந்து, ஒரு பக்கம் ஜோடியாக நடனம். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். மூன்றாம் நாள் ஒரு பாட்டி வந்து அம்மாவின் தோளைத் தொட்டுக் கையை இப்படி ஆட்டு, அப்படி ஆட்டு என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பொது பாஷை கிடையாது.

அப்புறம் டீ. கரையோரத்துச் சந்தில் ஓர் அம்மாள் கெட்டிலும் நாலு கண்ணாடி டம்ளருமாகக் கடை போட்டிருந்தார். கடலை மிட்டாய் உண்டு, அசல் கோவில்பட்டி ருசி, கொஞ்சம் மெல்லிசு. அங்கேயும் அந்தக் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்தான், ஒரு சாண் உயரம். அம்மா குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், "இதுல உக்காந்தா எழுப்ப ஆள் கூப்பிடணும்" என்றார். டீக்காரர் ஒன்றும் பேசாமல் மூன்று ஸ்டூலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையால் அழுத்திப் பார்த்து, அம்மா பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து எங்களைத் தூரத்தில் கண்டாலே அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

10 நவம்பர், பிற்பகல்

ஏசி ரயில் என்று நான் அடித்துச் சொன்னதிலும் ஓட்டை. பாங்காக் வான்ரயில் நிலையங்கள் எல்லாம் மேம்பாலத்துக்கு மேலே. எல்லா வாசலிலும் நகரும் படி இருக்காது, லிஃப்ட் இருந்தாலும் சில இடத்தில் ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருக்கும். 2017-ல் நான் அதைக் கவனிக்கவே இல்லை, எனக்குக் கால் நன்றாக இருந்தது. போன வருஷம் மறுபடி போனபோது என் முழங்காலே எண்ணிச் சொன்னது.

ஆனால் டாக்சி இருக்கிறது, செல்போனில் கூப்பிடலாம். இரண்டு ஊரிலும். ஆக, கால் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஹனோயில் தரை மோசம், பாங்காக்கில் படி மோசம்.

12 நவம்பர்

சாப்பாட்டைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

பாங்காக்கில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 17 மாதிரி ஒன்று எழுதியிருக்கும். அது 17 இல்லை, "ஜே" என்கிற தாய்லாந்துச் சொல். அங்கே கறி, மீன், முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், "சிராத்தச் சமையல் மாதிரி சுத்தமா இருக்கு" என்றார். எனக்கு ருசியும் அப்படித்தான் இருந்தது. கொடி இல்லாத கடையில் "சைவம்" என்று கேட்டால் கறியை எடுத்துவிட்டு மீன் சாற்றை ஊற்றிக் கொடுப்பார்கள். அது அவர்களுக்கு உப்பு மாதிரி. அவர்கள் மேல் தப்பில்லை.

ஹனோயில் கேட்க வேண்டிய வார்த்தை "சாய்". எழுதிக் காட்டுங்கள், சொல்லாதீர்கள். அந்த மொழியில் சுரம் மாறினால் பொருள் மாறிவிடும், நான் சொன்னது என்ன பொருளில் போய்ச் சேர்ந்ததோ, கடைக்காரர் சமையற்கட்டுக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அமாவாசை கழிந்த முதல் நாளும் பௌர்ணமியும் அங்கே பலர் சைவம். அந்த இரண்டு நாளில் அகப்பட்டால் யோகம். மற்ற நாளில் சைவக் கடையைத் தேடிப் போக வேண்டும். இந்தியச் சாப்பாடு இரண்டு ஊரிலும் கிடைக்கும், பாங்காக்கில் பாஹுரத் பக்கம் போனால் வேண்டிய மட்டும்.

காபியில் மட்டும் ஹனோய் தனி. டம்ளர் மேல் ஒரு சின்னத் தகர ஃபில்டரை உட்கார வைத்துத் தருவார்கள், சொட்டுச் சொட்டாக இறங்கும், அடியில் சுண்டின இனிப்புப் பால். கும்பகோணத்துக்காரியான அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நம்ம ஃபில்டருக்குத் தங்கச்சி" என்று சர்டிபிகேட் கொடுத்தார். முட்டைக் காபி அந்த ஊரின் பெருமை. 1946-ல் பால் தட்டுப்பாட்டில், மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த ஒருவர் பாலுக்குப் பதில் முட்டை மஞ்சள் கருவை அடித்துப் போட்டு ஆரம்பித்தது. நான் குடித்தேன். அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

14 நவம்பர், இரவு 11.50

நிறுத்துங்கள், நிறுத்துங்கள். தேதியை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். 2025-ல் டெட் ஜனவரி 29. வியட்நாமின் புத்தாண்டு. நீங்கள் திரும்புகிற 28 அதற்கு முந்தின நாள்!

நம் தீபாவளிக்கு முந்தின நாளைப் போல நினைத்துக்கொள்ளாதீர்கள். தீபாவளிக்கு முந்தின நாள் தி. நகர் வழியும். டெட்டுக்கு முந்தின நாள் ஹனோயே சொந்த ஊருக்குப் போய்விடும். ஷட்டர்கள் இறங்கிவிடும், உள்ளே குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும். சைவக் கடையைத் தேடுகிறவருக்கு அது சோதனை. விமானம், பஸ், அறை எல்லாம் விலை ஏறியிருக்கும்.

நாங்கள் போனது டெட்டுக்கு ஒரு வாரம் முன்னால் (2019-ல் அது பிப்ரவரி 5). அது உச்சம். ஸ்கூட்டர் பின்னால் ஆள் உயரத்துக்குப் பழம் குலுங்கும் குட்டி ஆரஞ்சு மரத்தைத் தொட்டியோடு கட்டிக்கொண்டு போவார்கள். ஓட்டுகிறவர் தெரிய மாட்டார், மரம்தான் ரோட்டில் போகும். பூ வந்த பீச் கிளைகள் வேறு. டெட்டுக்கு ஏழெட்டு நாள் முன்பு அடுப்படித் தெய்வம் கெண்டை மீன் மேல் ஏறி வானுலகம் போய், அந்த வருஷம் வீட்டில் நடந்ததையெல்லாம் ஒப்பிக்கும் என்று நம்பிக்கை. அதற்காக மேற்கு ஏரியில் மீன்களைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து விடுவார்கள். இதை விளக்கிச் சொன்னதும் அம்மாவுக்கு வந்த முதல் கவலை: "வருஷம் பூரா நடந்ததையா? நல்லவேளை, நம்ம வீட்டு அடுப்புக்கு வாய் கிடையாது."

உங்கள் 23 ஜனவரி அந்த மீன் நாளுக்கு மறுநாள். ஆகவே உங்களுக்கு அதுவும் இல்லை. பாங்காக். முதலில் சொன்ன தீர்ப்பேதான், காரணம் மட்டும் வேறு.

15 நவம்பர்

"இரண்டு ஊரையும் ஐந்து நாளில் பார்க்க முடியாதா, நடுவில் இரண்டு மணி நேர விமானம்தானே" என்று கேட்டவருக்கு: முடியும். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

21 நவம்பர்

பாங்காக் முடிவு என்றதும் ஒருவர் "அங்கே அம்மாவுக்கு என்ன இருக்கிறது, மால்தானே" என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. அந்த ஊர் பேரிலேயே பாதிப் புராணம் இருக்கிறது. பாங்காக் என்பது வெளியாள் கூப்பிடும் பேர். அவர்களுக்கு அது குருங் தேப், தேவர்களின் நகரம். 1782-ல் முதலாம் ராமா தலைநகரை அங்கே கொண்டுவந்தார். முழுப் பேர் தாய்லாந்து எழுத்தில் 168 எழுத்து. கடைசித் துண்டைப் பிரித்துப் பார்த்தால் இந்திரன் தந்து விஸ்வகர்மா கட்டியது என்று வரும். இதைச் சொல்லித்தான் அம்மாவை விமானத்தில் ஏற்றினேன்.

விமான நிலையத்திலேயே ஆரம்பம். பேர் சுவர்ணபூமி (அவர்கள் வாயில் "சுவன்னபூம்"). திரும்பும்போது புறப்பாட்டுக் கூடத்தில் பாற்கடலைக் கடைகிற பெரிய சிற்பம், நடுவில் மேலே மகாவிஷ்ணு, இந்தப் பக்கம் தேவர், அந்தப் பக்கம் அசுரர், வாசுகி. அம்மா தள்ளுவண்டியை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். பின்னால் வந்த தள்ளுவண்டிகள் எல்லாம் நின்றன.

சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் போன தமிழர்கள் கட்டியது. டாக்சிக்காரரிடம் மாரியம்மன் என்றால் தெரியாது, "வாட் கேக்" என்று சொல்ல வேண்டும். தின்கிற கேக் இல்லை, தாய்லாந்து மொழியில் "கேக்" என்றால் விருந்தாளி, நம் ஆட்களையும் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளே கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். பிள்ளையாருக்கு வரிசை அதிகம். போட்டோ எடுக்க விடமாட்டார்கள்.

இன்னொன்று. ஊர் நடுவில் சிவப்பாக இரண்டு தேக்குத் தூண், எழுபது அடி உயரம், ராட்சத ஊஞ்சல் என்பார்கள். பக்கத்தில் பிராமணர் கோயில். நம் மார்கழி, தை வாக்கில் அங்கே அரசவைப் பிராமணர்கள் நடத்துகிற சடங்கின் பேர் திரியம்பவாய், திரிபவாய். அதாவது திருவெம்பாவை, திருப்பாவை! ஓதுகிறவருக்கே பொருள் தெரியாமல், சொல் எல்லாம் தேய்ந்துபோய், ஆனால் விடாமல். ஊஞ்சலும் ஆடுவார்கள். அம்மா தூணுக்குக் கீழே நின்று "ஆதியும் அந்தமும் இல்லா" என்று ஆரம்பித்து இரண்டு பாட்டு முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

வாட் போ கோயிலில் படுத்த புத்தர், 46 மீட்டர். பாதத்தில் முத்துச்சிப்பி இழைத்த 108 சின்னங்கள். முதுகுப்பக்கம் 108 கலயங்கள், ஒரு கிண்ணம் சில்லறை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகலாம். டிங், டிங் என்று அந்த மண்டபம் முழுக்க அதே சத்தம். அம்மா இரண்டு சுற்றுப் போட்டார்.

எச்சரிக்கை: அரண்மனை வாசலுக்கு நூறு அடி முன்னால் நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து "இன்னிக்கு லீவு, மத்தியானம்தான் திறப்பாங்க, அதுவரைக்கும் இருபது பாட் (அந்த ஊர்க் காசு) கொடுத்து டுக்டுக் ஆட்டோவில் ஊர் சுற்றலாம்" என்பார். லீவு இல்லை. நாங்கள் ஏறினோம். ஒரு நகைக்கடை, ஒரு தையற்கடை, மறுபடி ஒரு நகைக்கடை. ஏசியில் உட்கார நாற்காலி போட்டார்கள் என்று அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை.

22 நவம்பர்

இரண்டு திருத்தம். ஊஞ்சல் ஆட்டம் இப்போது கிடையாது, 1935-லேயே நிறுத்திவிட்டார்கள். சடங்கு மட்டும் நடக்கிறது. நேற்று எழுதின வேகத்தில் நானே ஆட்டிவிட்டேன். ஆற்றில் போகும் ஆரஞ்சுக் கொடிப் படகு 15 பாட் என்று தனிச்செய்தியில் ஒருவருக்குச் சொன்னேன், 16 என்று அவரே காட்டினார். 2017 கணக்கு மனதில் நின்றுவிட்டது.

படகில் ஒரு விஷயம்: துறையில் சில விநாடிதான் நிற்கும். பின்னால் ஒருவர் விசில் ஊதி ஊதியே படகை ஒட்ட வைப்பார், மிதவையும் ஆடும், படகும் ஆடும். அம்மா கையை முதலில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், பை அப்புறம்.

30 நவம்பர்

மதுரைவாசி பாங்காக்குக்கு டிக்கெட் போட்டுவிட்டார். ஹனோய் போக நினைக்கிற மற்றவர்களுக்கு இரண்டு குறிப்பு, இரண்டும் என் முட்டாள்தனம்.

ஒன்று, பேர். அம்மா பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கும் அப்படித்தான். இ-விசா படிவத்தில் அப்பா பேரைச் சேர்த்து அழகாக நிரப்பினேன். பாஸ்போர்ட்டில் அடியில் இருக்கிற எழுத்து வரியும் விசாவும் ஒத்துப்போகவில்லை. மறுபடி விண்ணப்பம், மறுபடி 25 டாலர்.

இரண்டு, நோட்டு. வியட்நாமில் 20,000 டாங்கும் நீலம், 500,000 டாங்கும் நீலம். அந்த டீக்கார அம்மாளிடம் ஒருநாள் இரண்டு டீ, கடலை மிட்டாய்க்கு 20,000 என்று நினைத்து ஐந்து லட்சத்தை நீட்டிவிட்டு நடந்துவிட்டோம். அன்றைய கணக்கில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ரோட்டைக் கடந்து ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, நோட்டை விரித்து, சைபர்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். திட்டவும் செய்தார் என்று நினைக்கிறேன். அம்மாவும் அவரோடு சேர்ந்து என்னைத் திட்டினார், அது தமிழ்.

ரோட்டைக் கடப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த ஸ்கூட்டர் வெள்ளத்தில் நிற்காமல், ஓடாமல், ஒரே சீராக நடக்க வேண்டும், அவர்கள் வளைந்து போவார்கள். நான் நடுவில் நின்று நின்று தடுமாறினேன். அம்மா கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நேரே போய்விட்டார்.

4 ஜனவரி 2025

நேற்றுச் செய்தி பார்த்தீர்களா, உலகத்திலேயே மோசமான காற்று ஹனோயில் என்று. குளிர்காலத்தில் அங்கே பனிமூட்டம் என்று நான் ரசித்ததில் எவ்வளவு பனி, எவ்வளவு புகை என்று இப்போது சந்தேகம். நல்லவேளை பாங்காக் போட்டீர்கள். என் பேச்சைக் கேட்டவர் கெட்டதில்லை.

25 ஜனவரி

மேலே இருக்கிற கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். பாங்காக்கில் நேற்று 350-க்கு மேல் பள்ளிகளை மூடிவிட்டார்கள், புகைதான் காரணம். மதுரைவாசி அங்கே இருக்கிறார். கார்களைக் குறைக்க இன்று முதல் ஒரு வாரம் ரயில், பஸ் எல்லாம் இலவசம் என்று அரசு அறிவித்திருக்கிறது. முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது: அம்மா கவசம் போட்டு, ரயில் ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை.

2 பிப்ரவரி

வந்துவிட்டார்கள், எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு மூச்சுக்கு ஒன்றுமில்லை. இலவசம் என்று தெரிந்ததும் இறங்க மாட்டேன் என்று பச்சை வழித்தடத்தில் ஒரு கோடியான கூ கோட்டில் ஏறி மறுகோடி கேஹா வரை போய், அப்படியே திரும்பி வந்தாராம். ஜன்னலோரம் உட்கார இடம், ஏசி, படி ஏறுவது ஒரே ஒரு தடவை. மகன் வெளியே பார்க்க வைத்திருந்த பட்டியல் பாதிக்கு மேல் பாக்கி. வாட் போவுக்கு மட்டும் போயிருக்கிறார்கள். கலயத்துக்குச் சில்லறை பத்தாமல் மகனை அனுப்பி இன்னொரு கிண்ணம் வாங்கி வரச் சொன்னாராம்.

நான் கால் வலி, படி, தரை என்று மூன்று மாதம் கணக்குப் போட்டேன். என் அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டார், அவர் அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். அடுத்து யாராவது இதே கேள்வியோடு வந்தால், முதலில் அம்மாவுக்கு உட்கார எங்கே பிடிக்கும் என்று கேட்டு எழுதுங்கள், ஊரை அப்புறம் பேசலாம்.

3 பிப்ரவரி

இந்தப் பக்கம் முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு திருத்தம் சொன்னார். டீக்கடையில் அடுக்கினது மூன்று ஸ்டூல் இல்லை, நான்கு. மூன்று ஆடியதாம்.